நாலு பேருக்கு மேல் கூடாது

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்துவிட்டே ஆரம்பிக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் எந்தச் சுவருக்குப் பின்னால் எவன் பட்டாசு மருந்தைக் காயப் போட்டிருக்கிறான் என்று சொல்ல முடியாது. தீக்குச்சி கிழித்துச் சத்தியம் செய்தவன் சத்தியத்தோடு சேர்ந்து போய்விடுவான். ஆகையால் வெறுங்கையால் செய்கிறேன். என் ரெண்டு கண் மேல் ஆணை. இடது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தாகிவிட்டது. அதையும் தாராளமாக நம்பலாம்.

இரண்டாயிரத்து எட்டாம் வருசம் ஆவணி மாசம், விஸ்வநத்தத்துக்குக் கிழக்கே ஒரு காலனி வீட்டில், சோணைமுத்து சுவரோரம் குத்தவைத்து ஒரு பிளக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பிளக்கின் மறுமுனையில் ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் அவன் மனைவி வெள்ளைத்தாய்.

விடியக் காலையில் சோறு வடித்துக்கொண்டிருந்தவள், பானையை நிமிர்த்தி வைத்து, மூடியையும் போட்டுவிட்டு, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. நாற்பத்து நாலு வயசு. ஆஸ்பத்திரியில் ஹார்ட் என்றார்கள். "ஒரு பருக்கை சிந்தாமப் போயிட்டா" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அந்தக் குரலில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

சிவகாசியிலிருந்து குட்டியானை வண்டியில் வந்து இறங்கிய பெட்டி நல்ல பெட்டிதான். சோணைமுத்து வீட்டுப் பிளக் பாயிண்ட்தான் தொளதொளத்துப் போனது. கையை எடுத்தால் பிளக் ஒரு நூல் வெளியே வரும். பெட்டி உறுமலை நிறுத்திவிடும். அட்டையை மடித்துச் செருகிப் பார்த்தார்கள். செங்கலை முட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் சோணைமுத்துவே உட்கார்ந்துவிட்டான்.

"ஏலே சோண, எந்திரி. நா பிடிக்கேன்" என்றான் அண்ணன் வெள்ளைத்துரை.

"இருக்கட்டும்."

"ஒரு வாய் காப்பியாச்சும் குடி."

"இருக்கட்டும்ணே."

பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போலக் கரண்ட் போனது. அந்த வருசம் தினமும் ரெண்டு மணி நேரம் போகும். கரண்ட் போன ரெண்டு மணி நேரமும் சோணைமுத்து பிளக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தான். யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

அவன் அய்யாதுரை முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். காக்கிச் சட்டை, பையில் ரெண்டு பேனா, கழுத்தில் விசில். வெள்ளைத்தாய் அதே கம்பெனியில் ஏழாம் நம்பர் அறையில் மருந்து அடைக்கிறவள். பகலில் அவன் அவளுக்கு அதிகாரி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவள் தண்ணீர் டேங்கடியில் வகுப்பு நடத்துவாள். கம்பெனிப் பெண்கள் பத்தொன்பது பேர் படித்தார்கள். சம்பளம் கிடையாது. வெள்ளைத்தாய் படித்தது எட்டாம் வகுப்பு. அதிலும் கணக்கில் பெயில்.

டேங்க் நிறைந்தால் மேலேயிருந்து தண்ணீர் கொட்டும். வகுப்பில் ஒருத்தி ஒரு வரியைத் தப்பில்லாமல் வாசித்து முடித்தால், அந்த நொடியே தண்ணீர் கொட்டும் என்று ஊரில் பேச்சு. மோட்டார் போடுகிற ஆண்டிச்சாமி அதை மறுத்ததில்லை. மறுப்பதற்கு அவன் அந்த நேரத்தில் மோட்டார் பக்கம் இருந்ததேயில்லை. டேங்கடியில் கட்டிக்கிடந்த அவனுடைய ஆடுகள் ரெண்டு வருசம் பாடம் கேட்டு, சுவரொட்டியைத் தின்னும்போது எழுத்தில்லாத ஓரத்தை மட்டும் தின்னப் பழகிவிட்டன. கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளைத்தாயின் வகுப்பில் எல்லாவற்றுக்கும் ஓட்டு. டீச்சர் நாற்காலியில் உட்காரலாமா, தரையில் உட்காரலாமா என்பது முதல் ஓட்டு. நாற்காலி தோற்றது. அவளை எப்படிக் கூப்பிடுவது என்பது ரெண்டாவது. "பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, இல்ல அக்கான்னு சொல்லுங்க" என்று அவள் மட்டும் கை தூக்கினாள். மற்ற பத்தொன்பது கைகளும் "டீச்சர்" என்றன. அன்றிலிருந்து தோற்றுப்போன டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

ஓட்டோடு மூன்று சட்டமும் உண்டு. எதிர்த்துச் சொல்ல ஆளில்லாத அன்றைக்கு ஓட்டு கிடையாது. அய்யம்மாள் என்று ஐம்பத்தைந்து வயசுக்காரி, எதைச் சொன்னாலும் வேண்டாம் என்று கை தூக்குகிறவள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் வெள்ளைத்தாய் தீர்மானத்தைத் தள்ளிப்போடுவாள். "அய்யம்மா வரட்டும். வேணாங்க ஆளில்லாம என்ன ஓட்டு?" என்பாள். ரெண்டாவது சட்டம், எடுத்த முடிவை வெளியே போய்ச் சொல்ல வேண்டியது தோற்றவர்கள்தான். ஜெயித்தவள் சொன்னால் கூட்டிச் சொல்லுவாளாம். மூன்றாவது, யாரைப் பற்றிய பேச்சோ, அவர்கள் கை இல்லாமல் தீர்மானம் செல்லாது.

இப்படி ஒரு வகுப்பு நாலு வரி படித்து முடிப்பதற்கே ஒரு மாமாங்கம் ஆகும் என்று சோணைமுத்து நினைத்தான். அதனால் அவன் கவலைப்படவில்லை. அதுதான் அவன் செய்த தப்பு.

முதியோர் கல்விக்கென்று மேலே இருந்து வந்த பாடப்புத்தகம் அணிலில் ஆரம்பித்தது. அணில் வேண்டாம் என்று ஓட்டு விழுந்தது. என்ன படிப்பது என்று மூன்று நாள் பேசினார்கள். கடைசியில் ரோஜா என்கிற சின்னப் பெண், "நம்ம அறை வாசல்ல செவப்புப் பெயிண்ட்ல என்னமோ எளுதிருக்குல்ல, அதப் படிப்போம். இத்தன வருசமா அதுமேல தூக்குச்சட்டி மாட்டிட்டு இருக்கோம்" என்றாள். அதைப் படித்தார்கள். ஒரு எழுத்துக்கு ரெண்டு நாள் என்று கணக்கு வைத்து, ஒன்றரை மாசத்தில் முடித்தார்கள்.

இந்த அறையில் நாலு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது.

அந்த எழுத்து சோணைமுத்துவின் எழுத்து. அவனுக்குக் கையெழுத்து அழகு. ஒவ்வொரு வருசமும் ஆபீசர்கள் வருவதற்கு முந்தின வாரம் முப்பத்திரெண்டு அறைக்கும் அவன்தான் பெயிண்ட் அடித்து எழுதுவான். 'கூடாது' என்பதன் கடைசி எழுத்தில் ஒரு சுழி சேர்த்து இழுப்பது அவன் முத்திரை. ஏழாம் நம்பர் அறையில் அப்போது ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒன்பதில் ஒருத்தி அவன் மனைவி. எழுதும்போதெல்லாம் தூரிகையைச் சுழிப்பதில்தான் அவன் கவனம் இருந்தது.

மறுநாள் காலை சோணைமுத்து ரவுண்டு வந்தபோது ஏழாம் நம்பருக்கு வெளியே வேப்பமரத்தடியில் அஞ்சு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைத்தாயும் இருந்தாள்.

"என்னத்தா, ஒடம்புச் சடவா? வெளிய உக்காந்துருக்கீக?"

"உள்ள நாலு பேரு இருக்காகண்ணே" என்றாள் ரோஜா.

"அதுக்கு?"

"நாலு பேருக்கு மேல கூடாதாம்ல."

"எவன் சொன்னது?"

அஞ்சு பேரும் சுவரைப் பார்த்தார்கள். சோணைமுத்துவும் பார்த்தான். சொந்தக் கையெழுத்து ஒரு மனிதனை அப்படிப் பார்த்து நான் கேள்விப்பட்டதில்லை.

பதினோரு நாள் நடந்தது அந்தக் கூத்து. யார் உள்ளே, யார் வெளியே என்று முறை போட்டுப் பட்டியல் எழுதினார்கள். அந்தப் பெண்கள் தாங்களாகவே எழுதிய முதல் எழுத்து அதுதான். உள்ளே நாலு பேர் பார்த்த வேலைக்கு வந்த கூலியை ஒன்பது பேரும் பங்கிட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாளே மற்ற அறைகளிலும் சுவரைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். படிக்கத் தெரியாதவர்களும் படித்தார்கள்; என்ன எழுதியிருக்கிறது என்றுதான் ஊருக்கே தெரிந்துவிட்டதே. அந்த வாரம் வந்த ஆபீசர், சட்டப்படி நாலே பேர் உட்கார்ந்திருந்த அறையைப் பார்த்ததும் தண்ணீர் கேட்டு, மரத்தடியில் படுத்துவிட்டார். அவரைச் சாத்தூர் வரைக்கும் கொண்டுபோய் ரயிலேற்றிவிட்டு வந்தது கம்பெனி ஜீப்.

அய்யாதுரை முதலாளி கோபப்படுகிற ஆள் இல்லை. சோணைமுத்துவைக் கூப்பிட்டு, "ஒம் பொண்டாட்டி பள்ளிக்கூடம் வச்சிருக்காளாம்லப்பா. நீ அதுல எத்தனாங் கிளாசு?" என்று மட்டும் கேட்டார். சோணைமுத்து வெளியே வந்து, மரத்தடியில் இருந்த அஞ்சு பேருக்கும் ஆப்சென்ட் போட்டான். வெள்ளைத்தாய் பெயருக்கு நேரே கொஞ்சம் அழுத்திப் போட்டான்.

வீட்டில் பதினோரு நாளும் பேச்சு மகள் ஓவியா மூலமாகத்தான். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயசு. "ஒங்கம்மாட்ட ரசம் போதும்னு சொல்லு" என்பான் அவன். ரசம் ஊற்றிக்கொண்டிருப்பவள் கேட்டுக்கொண்டு நிறுத்துவாள். பன்னிரண்டாம் நாள் முதலாளி புதிதாகப் பதினாறு அறை கட்ட ஒப்புக்கொண்டார். அன்று சோறு போடும்போது வெள்ளைத்தாய் நேராகவே பேசினாள்.

"எம்மேல என்ன கோவம்? நீங்க எளுதுனதத்தான நாங்க படிச்சோம்."

ரசம் இன்னொரு கரண்டி விழுந்தது.

இது நடந்து ரெண்டு வருசம் கழித்து ஒரு திங்கட்கிழமை, ஏழாம் நம்பர் அறை வெடித்தது. உராய்வு என்றார்கள். சோணைமுத்து கேட்டிலிருந்து ஓடினான். எதிரும் புதிருமாக ரெண்டு வாசல் உள்ள அறை, ரெண்டிலும் புகை. ரோஜா வந்தாள். அப்புறம் ஒருத்தி. அப்புறம் இன்னொருத்தி. மூன்று. அவன் எண்ணிக்கொண்டே நின்றான். நாலாவதாக வெள்ளைத்தாய் வந்தாள். பின்னல் பிடரி வரைக்கும் கருகியிருந்தது. கூரைத் தகடு பறந்துபோய் அடுத்த ஊர்க் கண்மாயில் விழுந்து, அதில் மூன்று மாசம் கொக்கு குடியிருந்தது. அது கிடக்கட்டும். நாலு பேர் இருந்தார்கள், நாலு பேரும் வந்துவிட்டார்கள். ஒன்பது பேர் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று ஊரில் யாரும் வாய்விட்டுக் கணக்குப் போடவில்லை.

அன்று சாயங்காலமும் அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டேங்கடிக்குப் போனாள். சோணைமுத்து சிவகாசிக்குப் போய் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் வாங்கிவந்து அலமாரியில் வைத்தான். முடி வளருகிற எண்ணெய் என்று கடைக்காரன் சொன்னதை அவன் அவளிடம் சொல்லவில்லை. எண்ணெய் மட்டும் நாளுக்கு நாள் குறைந்து வந்தது.

அதற்கப்புறம் வருசத்துக்கு ஒரு தடவையாவது அவள் கேட்பாள். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

"ஒரு நா டேங்கடிக்கு வாங்களேன். வந்து ஒரே ஒரு தடவ கையத் தூக்குங்க. வேணும்னு தூக்குனாலுஞ் சரி, வேணாம்னு தூக்குனாலுஞ் சரி."

"போர்மேன் வந்து ஒங்ககூட உக்காரவா?"

"தரையிலதான். நாங்களும் தரையிலதான் இருக்கோம்."

"சீசன் முடியட்டும்" என்பான். எங்கள் ஊரில் சீசன் முடிந்ததாக வரலாறு இல்லை. இந்த வருசமும் ஆடியில் கேட்டாள். இந்த வருசமும் சீசன் முடியட்டும் என்றான்.

ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. பெட்டி உறுமியது. பிறந்த வீட்டுக் கோடித்துணி வந்து இறங்கியது. வெள்ளைத்துரை பந்தலுக்கும் தெருவுக்குமாக நடந்து, நாலு மணிக்கு எடுத்துவிட வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னான். மகன் இல்லாத வீடு. வெள்ளைத்துரையின் மகன் மாரிக்கண்ணன் தீச்சட்டி பிடிப்பதாகப் பேச்சு. அய்யாதுரை முதலாளியும் வந்துவிட்டார். ரோஜாப்பூ மாலையைப் பெட்டி மேல் வைத்து, கும்பிட்டு, பந்தலில் தனியாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் தெருவில் அந்தப் பத்தொன்பது பேரும் வந்தார்கள். காலையில் ஒரு தடவை வந்து அழுதுவிட்டுப் போனவர்கள். இப்போது அழவில்லை. முகத்தைக் கழுவி, தலையை வாரி, வகுப்புக்கு வருகிற மாதிரி வந்து நின்றார்கள். முன்னால் அய்யம்மாள்.

"தம்பி" என்றாள் சோணைமுத்துவைப் பார்த்து. "ஒரு சங்கதி சொல்ல வந்துருக்கேன். கரண்ட் இல்லாத நேரத்துல டேங்கடியில ஓட்டுப் போட்டோம். டீச்சர நாங்கதான் தூக்கிட்டுப் போறது. சுடுகாடு வரைக்கும். பதினேளுக்கு ரெண்டு."

பந்தலில் கொட்டுக்காரர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

"என்னது?" என்றான் வெள்ளைத்துரை.

"பதினேளுக்கு ரெண்டு."

"அந்த ரெண்டு புத்திசாலி யாரு?"

"ஒண்ணு நானு" என்றாள் அய்யம்மாள். "பொம்பள சுடுகாட்டுக்குப் போறது எனக்குப் பிடிக்கல. அங்கனயும் சொன்னேன். இன்னொருத்தி ரோஜா. அவளுக்குத் தோள்ல கட்டி. தூக்க முடியாதேன்னு ஆத்தாமையில வேணாம்னுட்டா."

"அப்பொறம் நீ என்னத்துக்கு முன்னால வந்து நிக்க?"

"தோத்தவுகதான வந்து சொல்லணும்."

வெள்ளைத்துரைக்கு இந்தச் சட்டம் தெரியாது. சோணைமுத்துவைப் பார்த்தான். சோணைமுத்து பிளக்கைப் பார்த்தான்.

முதலாளி இருந்த இடத்திலிருந்தே மெதுவாகச் சொன்னார். "ஏத்தா, ஊருக்குன்னு ஒரு பளக்கம் இருக்குல்ல. தெருமுக்கு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிருங்க. அதுதான் மரியாத."

"நானும் அதத்தான் மொதலாளி சொன்னேன்" என்றாள் அய்யம்மாள். "அரை மணி நேரம் சொன்னேன். ஒருத்தி குறுக்க பேசல. முளுசாக் கேட்டாக. கேட்டுட்டுத் தோக்கடிச்சுட்டாக."

"சரி, வேணாம்னு சொல்லிட்டோம். போங்க" என்றான் வெள்ளைத்துரை.

"நீங்க சொன்னா ஆகாது. நாங்க சொன்னாலும் ஆகாது. இது வீட்டாளப் பத்துன பேச்சு. வீட்டாளு கை இல்லாம செல்லாது. டீச்சர் கையத் தூக்க முடியாது. அவுக மகளும் அவுக வீட்டுக்காரரும் தூக்கணும். அதுக்குத்தான் வந்தோம். ரெண்டு பேருல ஒருத்தரு மாட்டேன்னாலும் போயிருவோம். ஒரு வார்த்த பேச மாட்டோம்."

பெட்டியோரம் உட்கார்ந்திருந்த ஓவியாவின் கை முதலில் தெரிந்தது. முழங்கை மடங்காமல், பிளஸ் ஒன் வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளை தூக்குகிற மாதிரித் தூக்கியிருந்தாள். அழுது வீங்கிய முகத்துக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம் எல்லோரும் சோணைமுத்துவைப் பார்த்தார்கள்.

அவன் குத்தவைத்த வாக்கில் இருந்தான். காலையிலிருந்து அமுக்கியதில் வலது கை மரத்துப் போயிருந்தது. விரல் கணுவில் நேற்றைய அலுமினியப் பவுடர், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வெள்ளி நிறம். அந்தப் பக்கம் அண்ணன். இந்தப் பக்கம் முதலாளி.

"நாளைக்கு லோடு ஏத்தணும் சோணமுத்து. வடக்க ஆர்டர் நிக்கிது" என்றார் முதலாளி. துக்க வீட்டில் சொல்ல வேண்டிய ஆறுதலைச் சொல்லுகிற குரல்தான் அது.

"ஏலே, நாளைக்கு எம்மொகத்துல முளிக்கணுமா வேணாமா?" என்றான் அண்ணன்.

ஓவியா கையை இறக்கவில்லை. மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

"அப்பா" என்றாள்.

பத்தொன்பது பேரும் காத்து நின்றார்கள். அவர்கள் அப்படித்தான் பழகியிருந்தார்கள். ஒரு ஆள் யோசிக்கிறபோது அவசரப்படுத்துவது அந்த வகுப்பில் கிடையாது.

சோணைமுத்து பிளக்கை விட்டான். பெட்டி ஒரு தடவை குலுங்கி, உறுமலை நிறுத்தியது. காலையிலிருந்து காதுக்குள் இருந்த சத்தம் போனதும் தெருக்கோடியில் கோழி கிளறுவதுகூடக் கேட்டது. அவன் எழுந்து நின்று, வலது கையைத் தூக்கினான். எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. பந்தல் துணி இடிக்கிற வரைக்கும் தூக்கினான்.

"எறக்கிரு தம்பி" என்றாள் அய்யம்மாள். "எண்ணியாச்சு."

முதலாளி எழுந்து, வேட்டியை உதறி, காருக்குப் போனார். வெள்ளைத்துரை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். தீச்சட்டியை மட்டும் மாரிக்கண்ணன் தூக்கினான். அதை யாரும் ஓட்டுக்கு விடவில்லை.

மஞ்சள் பூசி, பூ வைத்து, வெள்ளைத்தாயைப் பாடையில் கிடத்தியதும் பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். அப்போது அய்யம்மாள் இடுப்பிலிருந்து ஒரு நோட்டுத் தாளை எடுத்தாள். "நாலு பேருக்கு மேல கூடாது" என்றாள். மற்றவர்கள் விலகி நின்றார்கள். அய்யம்மாள் எழுத்துக் கூட்டி முதல் நாலு பேரை வாசித்தாள். நாலு பேர் தோள் கொடுத்தார்கள். மற்ற பேர் ரெண்டு பக்கமும் நடந்தார்கள். ஒவ்வொரு கரண்ட் கம்பத்திலும் அடுத்த நாலு பேர். தோள் மாறும்போது பாடை ஒரு விரல்கூடச் சாயவில்லை. மருந்துத் தட்டைக் கைமாற்றுகிறவர்களுக்குச் சாயாமல் மாற்றத் தெரியும்.

கொட்டுக்காரர்களுக்குத்தான் எந்த அடி அடிப்பது என்று தெரியாமல் போயிற்று. ஆம்பளைகள் தூக்கினால் ஒரு நடை, அதற்கொரு அடி உண்டு. இது வேறு நடை. கொஞ்ச தூரம் தட்டுத் தடுமாறி, அப்புறம் கொட்டைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நடந்து வந்தார்கள்.

தோள் கட்டிக்காரி ரோஜா பக்கத்திலேயே நடந்தாள். தன் முறை வந்தபோது, "கட்டி இந்தத் தோள்லதான், அந்தத் தோள் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி உள்ளே நுழைந்துவிட்டாள்.

தெருமுக்கில், பெண்கள் வழக்கமாகத் திரும்புகிற இடத்தில், எல்லாக் கால்களும் தாமாக நின்றன. யாரும் நிற்கச் சொல்லவில்லை. பாடை தோளில் இருந்தது. தூக்கியிருந்த நாலு பேரும் முன்னால் கிடந்த வண்டிப்பாதையைப் பார்த்தார்கள். அந்த ஊரில் எந்தப் பெண்ணும் நடந்து போகாத பாதை அது, படுத்துத்தான் போயிருக்கிறார்கள். அய்யம்மாள் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவளுக்குப் பிடிக்காத பாதை. தொண்டையைச் செருமி, அடுத்த நாலு பேரைக் கூப்பிட்டாள். நாலாவது பேர் அவளுடையது. தாளை ஓவியாவிடம் கொடுத்துவிட்டு, தோளைக் கொடுத்தாள்.

பின்னால் வந்த ஆம்பளைகள் யாரோ தெரியாதவர் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர்களைப் போல ஒதுங்கி நடந்தார்கள். சோணைமுத்து எல்லோருக்கும் கடைசியில் வந்தான். தூக்குகிறவர்கள் செருப்போடு தூக்கக் கூடாது என்று பத்தொன்பது பேரும் வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. திரும்பி வரும்போது கால் சுடும். அவன் அவ்வளவு செருப்பையும் ஒரு உரச் சாக்கில் அள்ளிப் போட்டு முதுகில் சுமந்துகொண்டு வந்தான். வழியில் ஊர்க்காவலன் என்கிற மச்சினன், "நா வாங்கிக்கிறேன் மாமா" என்று கை நீட்டினான்.

"இருக்கட்டும்."

சுடுகாட்டு வாசலில் அவனால் உள்ளே போக முடியவில்லை. உள்ளே பெண்கள் பேச்சுச் சத்தம் கேட்டது. அய்யம்மாள் எதற்கோ வேண்டாம் என்று சொன்னாள். யாரோ பதில் சொன்னார்கள். அய்யம்மாள் சரி என்றாள். சோணைமுத்து ரோட்டோரம் உட்கார்ந்து சாக்கை அவிழ்த்துக் கொட்டினான். எல்லாம் ஒரே மாதிரி ரப்பர் செருப்பு. வார் அறுந்து ஊக்குப் போட்டது, குதிகால் தேய்ந்தது, வெள்ளிப் பவுடர் படிந்தது. எதற்கு எது ஜோடி என்று தெரியவில்லை. ஒன்றை எடுத்து இன்னொன்றோடு அடியோடு அடி வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை. வேறொன்றை எடுத்தான். உள்ளே புகை கிளம்பி, காற்றில்லாமல் நேராக மேலே போனது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜோடி சேர்ந்ததையெல்லாம், திரும்பி வருகிறவர்கள் நின்றபடியே மாட்டிக்கொள்ள வாகாக, வாசலுக்கு முதுகு காட்டி வரிசையாக வைத்துக்கொண்டே போனான்.

சோணைமுத்து நான்தான். பத்தொன்பது பேரும் தெருமுக்கோடு திரும்பிவிட்டார்கள்; அன்றைக்கு நான் கையைத் தூக்கவில்லை.